பரளச்சிப் பக்கம் ஒரு நீளப் படம்

அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேமராப் பையைத் திறந்து லென்ஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் வழி நெடுக "பையில என்னண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தார். ஒரு தடவை கேட்டால் பேச்சுத் துணைக்கு என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். லென்ஸ் பத்திரமாக இருந்தது. அவர் கொடுத்த காராச்சேவும் தின்னாமல் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை டீக்கடை வாசலில் கிடந்த நாய்க்குப் போட்டேன். தின்றுவிட்டு அது நன்றாகத்தான் எழுந்து நடந்து போனது. பிறகு அதே மாதிரிக் காராச்சேவைக் கடையில் வாங்கித் தின்றபோது, இவ்வளவு நல்ல சாமானை நாய்க்குப் போட்டோமே என்று இருந்தது.

எனக்குத் தக்கலைப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. போட்டோதான் தொழில், அதிலும் நீளப் படம். கோயில் விழா, பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் கூட்டம் என்று நூறு பேர் வரிசையாக நிற்கும்போது ஒரு லென்ஸுக்குள் எல்லோரும் அடங்க மாட்டார்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள் எடுப்பேன். ஒரு படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் அடுத்த படத்திலும் விழ வேண்டும். அந்த ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுக்கும். சொல்ல எளிது. ஒட்டு விலகினால் ஒருவருக்கு மூன்று கால் வரும், இன்னொருவருக்குக் காது இருக்காது.

இந்தத் தடவை பரளச்சிப் பக்கம் ஒரு சிற்றூரில், சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கூடும் பங்காளிகளை எடுக்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். எல்லாக் குடும்பமும் ஒரே படத்தில் வர வேண்டும். அதைக் கோயில் மண்டபத்தில் மாட்டுவார்கள்.

கடைசித் தூரத்துக்கு ஷேர் ஆட்டோ. பருவம் தப்பி முந்தின நாள் ஒரு மழை பெய்திருந்தது. கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியாது. எங்கள் செம்மண் மழையில் கரைந்து ஓடிவிடும். இது ஓடாது, பிடித்துக்கொள்ளும். சக்கரத்தில் அப்பி அப்பி, கடைசியில் சக்கரமே சுற்றாமல் ஆட்டோ நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் தள்ளினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, பைய வச்சிட்டுத் தள்ளுங்க. யாரும் தூக்கிட்டு ஓட மாட்டாக. இந்தச் சகதில ஓடவும் முடியாது."

நான் பையை வைக்கவில்லை.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலையோ தென்னந்தோப்போ வந்து பார்வையை மறிக்கும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருக்கிறது. அறுத்த சோளத்தட்டை, கறுப்பு மண், வேலிக்கருவை, வானம். மறுபடியும் வேலிக்கருவை. பார்ப்பவர்களுக்கு அது அழகாக இருக்கலாம். என் தொழிலுக்கு அது ஆபத்து. ஒட்டும்போது கம்ப்யூட்டர் இரண்டு படங்களிலும் ஒரே பொருளைத் தேடி அதைத்தான் பிடிமானமாக வைத்துக்கொள்ளும். வெறும் வானத்தில் எதைப் பிடிக்கும்? ஒரு கருவைப் புதருக்கும் அடுத்ததற்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

அதனால் கோயில் சுற்றுச்சுவரைப் பார்த்ததும் மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது. நீளமான, நேரான சுவர். விழாவுக்காகப் புதிதாகக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். இதன் முன்னால்தான் எல்லோரையும் நிறுத்த வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

என்னை அழைத்தவர் பெயர் கெங்குசாமி. பங்காளிகளில் மூத்தவர், நிலபுலன் உள்ளவர். அவர் மனைவி சுப்பம்மா குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். எங்கள் கடற்கரை மீன்தான் காய்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தோன்றியது. தண்ணீர்ச் செம்பை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை அந்தம்மா கவனித்துவிட்டார்.

"கேன் தண்ணிதான். பயப்படாமக் குடிங்க. எங்க கெணத்துத் தண்ணி உப்பு, அத ஒங்களுக்குக் குடுப்பமா?"

சாப்பிட்டு முடித்ததும் கெங்குசாமி மெதுவாகக் கேட்டார். "ஏங்க, படத்துல ஒரு ஆளக் கூட்டவும் கொறைக்கவும் கம்ப்யூட்டர்ல முடியுமாமே?"

"நான் அதெல்லாம் செய்யறதில்ல" என்றேன்.

"சும்மாதான் கேட்டேன்" என்றார். சும்மா கேட்கிறவர் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து கேட்பாரா?

அந்த வீட்டில் தங்களுக்குள் தெலுங்கு பேசினார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு திருப்பதி அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் சில வருஷம் வேலை பார்த்தவன் நான். தெலுங்கு நன்றாகவே விளங்கும். அதை அவர்களிடம் சொல்லவில்லை. தெரியாத ஊரில் காதுதான் காவல். உள்ளே போனவர் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார்: "தம்பி விஷயமா இவர்ட்டக் கேட்டுப் பாத்தேன். பிடி குடுக்க மாட்டேங்கிறாரு."

தம்பி விஷயம். யாரையோ படத்திலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மெமரி கார்டைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை கோயில் முன்னால் திருவிழாக் கூட்டம். ஆண்கள் எல்லோரும் ஒரே சந்தன நிறச் சட்டை, பெண்கள் எல்லோரும் ஒரே பச்சைச் சேலை. இந்தப் படத்துக்காகவே அருப்புக்கோட்டையில் மொத்தமாகத் துணி எடுத்திருந்தார்கள். நாகராசு என்று ஒரு பங்காளி, வாய் ஓயாதவர், வரிசையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "எல்லாப் பயலும் ஒரே சட்டை. இன்னைக்கு எவன் பொண்டாட்டி எவன் கையப் பிடிச்சிட்டுப் போகப் போறாளோ."

வரிசை என்பது அங்கே சின்ன விஷயமில்லை. யார் மூத்த வகையறா, யார் இளைய வகையறா என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்றுவிட்டால் அடுத்தவர் முகம் மாறுகிறது. எல்லாம் ஒழுங்காகி, கெங்குசாமி தன் இடத்தில் நின்றபோது அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் நிற்கவில்லை. யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தோளில் பையோடு ஒருவர் வந்தார். வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. கெங்குசாமியின் தம்பி வெங்கிடு. வடக்கே முறுக்குக் கம்பெனி வைத்திருக்கிறார். வெகுகாலமாக ஊருக்கே வந்ததில்லையாம். காரணத்தை நாகராசு என் காதில் ஓதினார். இவர்களுடைய அப்பா இறந்தபோது வெங்கிடு ரயிலில் வந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்த, அவர் வந்து சேருமுன் எடுத்துவிட்டார்கள். மகன் முகம் பார்க்காமல் அப்பா போனார். அன்றைக்கு ஊரை விட்டுப் போனவர் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

"ஏலே வெங்கிடு, முறுக்கு விக்கிறவன் மொகத்துல எண்ணெயே காணோமே" என்றார் நாகராசு. நாலு பேர் சிரித்தார்கள். வெங்கிடு சிரிக்கவில்லை. யாரோ கொடுத்த சந்தனச் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். நான் இடமிருந்து வலமாகத் திருப்பித் திருப்பி எடுத்து முடித்தேன்.

பிறகு கிடாக்கறிச் சாப்பாடு. பந்தலில் ஒரு பக்கம் இலை போட்டுக்கொண்டிருக்க, நான் மறுபக்கத்தில் லேப்டாப்பை விரித்தேன். ஒட்டும் வேலை நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. இதுவரை நான் ஒட்டியதிலேயே சுத்தமான படம். சுவரின் பட்டைகள் ஓரத்துக்கு ஓரம் அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தன. ஒரு கை உடையவில்லை, ஒரு காது போகவில்லை. பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். சாப்பிட்ட கையோடு எல்லோரும் வந்து குனிந்தார்கள். "நான் இங்கன", "எந்தலை எங்க", "ஒங்கம்மா கண்ண மூடிட்டா" என்று ஒரே சத்தம்.

பின்னாலிருந்து வெங்கிடுவின் குரல் கேட்டது.

"நான் எங்க?"

தேடினோம். கெங்குசாமி இருந்தார். அவருக்கு அடுத்து நிற்க வேண்டியவர் இல்லை. அதற்கும் அடுத்தவர் கெங்குசாமியை ஒட்டி, எப்போதும் அங்கேயே நின்றவர்போல நின்றார். நடுவில் இடைவெளிகூடக் கிடையாது.

"போட்டோக்காரரே," என்றார் நாகராசு, இப்போது சிரிக்காமல், "சுத்தமா வெட்டியிருக்கீக. தச்ச எடம்கூடத் தெரியல."

வெங்கிடு அண்ணனைப் பார்த்தார். "அன்னைக்கு நான் வரல, எடுத்துட்டீக. இன்னைக்கு வந்து நின்னேன். இன்னைக்கும் எடுத்துட்டீக." சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, வெறும் பனியனோடு பையை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். பஸ் வருகிற நேரம்.

எல்லோரும் கெங்குசாமியைப் பார்த்தார்கள். கெங்குசாமி என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

இம்மாதிரி நேரத்தில் பதறாமல் ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். எனக்குப் பதறாமல் இருக்கத் தெரியாது, பதறிக்கொண்டே ஒன்றொன்றாகப் பார்த்தேன். லென்ஸின் ஜூம் நகர்ந்துவிட்டதா? இல்லை, வழக்கம்போல அது நகராமல் டேப் சுற்றியிருந்தேன். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும் விழுந்ததா? எல்லாம் ஒரே அளவு. ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு விழவில்லையா? தாராளமாக விழுந்திருந்தன. தனித்தனிப் படங்களைத் திறந்தேன். அவற்றில் ஒன்றில் வெங்கிடு முழுசாக நிற்கிறார். அடுத்ததில் ஓரத்திலும் நிற்கிறார். இரண்டில் இருக்கிற ஆள், ஒட்டியதும் எங்கே போவார்?

கம்ப்யூட்டர் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் யாரோ லேப்டாப்பில் கை வைத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். அதற்குள் ஆளை இவ்வளவு நேர்த்தியாக எடுக்க எனக்கே முடியாதே என்றும் தோன்றியது. கெங்குசாமி அருகில் வந்து, "அந்தக் கார்டை எங்கிட்டக் குடுங்க" என்றார். கார்டை மறுபடி முடிந்திருந்த இடுப்பைக் கையால் மூடிக்கொண்டேன். "என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் விலகிப்போய் மனைவியிடம் தெலுங்கில் பேசினார். பந்தல் தூணுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

"இவரு மேலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு. வந்ததுலேருந்து ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிடல. கார்டைத் தொடவிட மாட்டேங்கிறாரு."

"ஒங்கள யாரு நேத்து இவர்ட்ட அப்படிக் கேக்கச் சொன்னது, ஆளக் கூட்ட முடியுமா கொறைக்க முடியுமான்னு? தம்பி காதுக்குப் போனா என்ன நெனப்பாரு?"

"அவன் வராமப் போயிட்டா பழைய போட்டோவுல இருந்து எடுத்து எம் பக்கத்துல ஒட்டச் சொல்லலாம்னுதானே கேட்டேன். எடம் விட்டு நின்னதே அதுக்குத்தான். இப்பப் போனான்னா இனி வர மாட்டான், சுப்பம்மா. எங்காலத்துல வர மாட்டான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தம்பியை வெட்டப் பார்த்தவர் என்று நான் நினைத்த மனுஷன், இல்லாத தம்பியைக்கூடச் சேர்த்துவிடப் பார்த்திருக்கிறார். அவர்மேல் பழி இல்லை, என்மேல் பழி இல்லை என்றால் வேறு யார்?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வெங்கிடு புளியமரத்தடியில் நின்றிருந்தார். தனிப் படத்தைத் திறந்து காட்டினேன். "பாருங்க, இருக்கீங்க. நான் எடுத்ததுல நீங்க இருக்கீங்க."

அவர் நன்றாகவே பார்த்தார். "தனியா இருக்கேன். தனியா நான் எங்க போனாலும் இருக்கேன். அங்க சேந்து இருக்கேனா?"

பஸ் வந்தது. சிவராத்திரிக் கூட்டம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் நிறுத்தவே இல்லை, ஒரு ஹாரன் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வெங்கிடு கை நீட்டியது நீட்டியபடி நின்றார். என் வாழ்நாளில் பஸ் நிற்காமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து, ஒட்டிய படத்தையும் தனிப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முகங்களைப் பார்த்து அலுத்துச் சுவரைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் உறைத்தது. தனிப் படத்தில் கெங்குசாமிக்குப் பின்னால் காவிப் பட்டை, வெங்கிடுவுக்குப் பின்னால் ஒரு வெள்ளையும் ஒரு காவியும். ஒட்டிய படத்தில் அந்த வெள்ளையும் காவியும்கூட இல்லை.

ஆளை வெட்டுகிறவன் ஆளைத்தான் வெட்டுவான். சுவரை ஏன் வெட்டுகிறான்?

எல்லாப் பட்டையும் ஒரே அகலம், ஒரே நிறம். எல்லாச் சட்டையும் ஒரே துணி. கம்ப்யூட்டர் ஒரு பட்டையைப் பார்த்து அதன் அடுத்த பட்டை என்று ஏமாந்து, இரண்டு படங்களையும் ஒரு ஜோடிப் பட்டை அதிகமாக ஏற்றி ஒட்டிவிட்டது. அந்த ஜோடியின் அகலம் ஓர் ஆள் நிற்கும் அகலம். பட்டையோடு பட்டை பொருந்தியதால் ஒட்டிய இடம் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஒரு தென்னை கோணலாக நிற்கும், இன்னொன்று மட்டை இழந்து நிற்கும், பின்னால் மலை இருக்கும். அங்கே இப்படி ஏமாற வழியில்லை. நேராக இருக்கிறது, புதுசாக இருக்கிறது என்று நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த சுவர்தான் காரணம்.

"வாங்க, சுவத்த எண்ணுவோம்" என்றேன்.

"என்னத்த?"

"சுவத்துல பட்டைய எண்ணுங்க. அப்புறம் படத்துல எண்ணுங்க. எவனாவது ஒங்கள எடுத்திருந்தா பட்டை குறையாதாக்கும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வந்தார். என்னோடு வந்தார் என்பதைவிட, என்னைச் சோதிக்க வந்தார் என்பதுதான் சரி. சுவரின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு காவிப் பட்டையாகக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த நாகராசு லேப்டாப் முன் உட்கார்ந்து படத்தில் எண்ணினார். விரலில் இருந்த கறி எண்ணெய் என் ஸ்கிரீன் முழுக்க ஆனது. துடைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. நாகராசு மறுபடி எண்ணினார். கெங்குசாமி வந்து எண்ணினார். பெண்களும் வந்து சுவரைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். எல்லோருக்கும் சுவரில் இருப்பதைவிடப் படத்தில் ஒரு காவி குறைந்தே வந்தது.

"அடப்பாவி, சுவத்தையும்லே முழுங்கியிருக்கு" என்றார் நாகராசு. வெங்கிடு தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

இனி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட முடியாது. பிடிமானத்தை நானே கையால் காட்ட வேண்டும். இரண்டு படங்களிலும் ஒரே இடம்தான் என்று சத்தியம் செய்யக்கூடிய புள்ளிகள் வேண்டும். பட்டைகளை விட்டுவிட்டுச் சுவரில் அசிங்கமான இடங்களாகத் தேடினேன். காக்கை எச்சம் ஒன்று. பெயின்ட் வழிந்து காய்ந்த ஒரு கோடு. காரை பெயர்ந்த ஒரு குழி. சுப்பம்மா என் பின்னால் நின்று, "அந்தா, பல்லி வாலு மாதிரி ஒரு விரிசல்" என்று ஒன்றைக் காட்டினார். ஒவ்வொன்றையும் முதல் படத்தில் குறித்து, அதையே அடுத்த படத்தில் குறித்தேன். குறித்ததை அழித்துவிட்டு மறுபடி குறித்தேன். எனக்கு என்மேலும் நம்பிக்கை கிடையாது.

படம் ஒட்டி வந்தது. கெங்குசாமிக்கு அடுத்து வெங்கிடு நின்றார்.

ஆனால் இந்தத் தடவை ஒட்டு சுத்தமாக இல்லை. சுவரின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு வெங்கிடுவின் காலுக்குப் பின்னால் படிக்கட்டு மாதிரி ஒரு விரற்கடை உடைந்து இறங்கியது. ஸ்டாண்டு இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு கால் ஈரக் கரிசலில் மெல்ல மெல்லப் புதைந்திருந்தது. படம் எடுக்க எடுக்கவே அது இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரம் குடுங்க, அந்தக் கோட்ட இழைச்சுச் சரி பண்ணிருதேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றார் வெங்கிடு.

"பாக்க அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும். மொதப் படம் வழவழன்னுதான் இருந்துச்சு, அதுல நான் இல்ல. இதுல நீங்க திரும்பக் கை வச்சு வழவழன்னு ஆக்கிட்டா, இதையும் எவனோ சேத்து ஒட்டுனதுன்னு எனக்கே நாளைக்கு ஒரு நெனப்பு வரும்."

கெங்குசாமி லேப்டாப் பக்கம் குனிந்தார். "அவன் சொல்றபடியே போடுங்க. மண்டபத்துல பாத்து எவனாவது கேட்டா, ஸ்டாண்டு சகதில எறங்கிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்." பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே, "அந்தச் சட்டையப் போடு. வெறும் பனியனோட நிக்கிறான்" என்றார்.

அடுத்த நாள் ஊர் திரும்பினேன். பஸ்ஸில் ஒருவர் பையில் என்ன என்று கேட்டார், கேமரா என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று திருநெல்வேலிவரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிரிண்டு போடும் கடையில் மிஷினை இயக்குபவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உடனே கண்டுபிடித்துவிட்டார். "அண்ணே, இங்க கோடு ஒடஞ்சிருக்கு. ஒரு நிமிஷம், சரி பண்ணிருதேன்."

"தொடாத" என்றேன்.

"நீளப் படம், நாலு பேரு பாக்கது. ஓசியாப் பண்ணித் தாரேன்."

"தொடாதண்ணு சொன்னேன்லா."

அவர் என்னை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். நான் மிஷின் பக்கத்திலேயே நின்றேன். காகிதம் விரல் விரலாக வெளியே வந்தது. பச்சைச் சேலைகள் வந்தன, நாகராசு வந்தார், காவி, வெள்ளை, காவி, கெங்குசாமி வந்தார். அடுத்து வெங்கிடுவின் தோள் வந்து, முகம் வந்து, அந்த உடைந்த கோடும் வந்த பிறகுதான் வெளியே போய் ஒரு டீ குடித்தேன்.